வெள்ளமும் குளமும்

வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்களுக்கு மழையின் அருமை தெரியும்; அதனினும் குளத்தின் அருமை நன்றாகத் தெரியும். ஓர் இரவில் கொட்டித் தீர்க்கும் மழை, கரை பழுதுபட்ட குளத்தில் தங்காமல் ஓடிவிடுவதைச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நா. பார்த்தசாரதியின் ‘சத்திய வெள்ளம்’ நாவலை அண்மையில் மீண்டும் படித்தபோது, அதன் தலைப்பே இந்த நினைவை நம் உள்ளத்தில் எழுப்பிவிட்டது.

1970களில் வெளிவந்த இந்நாவல் மாணவர் அரசியலையே பொருளாகக் கொண்டது. மல்லிகைப் பந்தல் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகம், அங்கே நடைபெறும் மாணவர் தேர்தல், அதில் தலையிடும் அதிகாரம், எதிர்த்து நிற்கும் பாண்டியன், அவனுடன் தோள்சேரும் கண்ணுக்கினியாள் என்று கதை விரிகிறது. “படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?” என்று கேட்டுப் பழகிய வீடுகளுக்குள், மாணவனும் ஒரு குடிமகனே என்னும் உண்மையை இந்நூல் கொண்டு சென்றது. ஆட்சியில் இருந்தவர்களின் முகத்துக்கு நேரே அதனைச் சொன்ன துணிவும் போற்றத்தக்கதே.

ஆயினும் குறையொன்றைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. மாணவர் பக்கம் பெரும்பாலும் தூய்மை, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் கயமை என்று கதை பிரிந்து கிடக்கிறது. போராட்டத்திற்குக் கிடைத்த இடம், வென்ற பின்னர் ஒரு பேரவை ஆற்ற வேண்டிய அன்றாடக் கடமைக்குக் கிடைக்கவில்லை. வெள்ளத்தைப் பாடிய ஆசிரியர், குளத்தை மறந்துவிட்டார் எனலாம்.

இக்குறை அவருடையது மட்டுமன்று. நம் பொதுவாழ்வின் குறையும் அதுவே. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்தனர். இரண்டே ஆண்டுகளில், நமக்கு அண்மையிலுள்ள விருதுநகரில், பெருந்தலைவர் காமராசரை மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் தேர்தலில் வென்றார். இளைஞரின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 61ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக 1989இல் வாக்குரிமை வயதும் 21இலிருந்து 18ஆகக் குறைந்தது.

ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். தமிழகத்தின் நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, சங்கரன்கோவில் உட்பட எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. 2016இல் 18 வயதை எட்டிய ஒருவர், தம் தெருவுக்கான உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 24 வயது வரை காத்திருந்தார். அந்தக் காலத்தின் தொடக்கத்திலேதான், 2017 சனவரியில், ஏறுதழுவுதலுக்காக மெரினாக் கடற்கரை இளைஞர்களால் நிரம்பியது. அந்த எழுச்சியை நாம் குறை கூறவில்லை. பறிபோன வார்டு வாக்குக்காக அப்படியொரு கூட்டம் கூடவில்லையே என்றுதான் வருந்துகிறோம்.

பிறநாட்டு வரலாறும் இதையே உணர்த்துகிறது. துனீசியாவில் இளைஞர் எழுச்சியால் 2011 சனவரியில் சர்வாதிகாரி நாட்டைவிட்டு ஓடினார். 2014இல் புதிய அரசியலமைப்பும் பிறந்தது. 2021 சூலையில் நாடாளுமன்றத்தைக் குடியரசுத் தலைவர் முடக்கியபோது, அவரை வரவேற்றுத் தெருவில் இறங்கியவர்களிலும் இளைஞர் இருந்தனர். பத்தாண்டுகளில் வேலையும் வாழ்வும் மேம்படாத சலிப்பு அவர்களை அந்நிலைக்குத் தள்ளியிருந்தது. மழை பெய்தும் குளம் நிறையாவிட்டால், மழையின் மீதே மனிதனுக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

நல்ல முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. நெல்லைப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1920இல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். அது வெள்ளம். அதே இளைஞர் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, ஆட்சிமொழி விவாதத்தில் தமிழுக்காக வாதிட்டார். 1962 முதல் 1972இல் மறையும் வரை மஞ்சேரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். அது குளம். அவருடைய துறவைப் பாராட்டும் நம் மேடைகள், அவருடைய சபைப் பணியைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது அரிதாகவே இருக்கிறது.

கலந்தாலோசனையின் பெயராலேயே ‘அஷ்ஷூரா’ என்றோர் அத்தியாயத்தைத் திருமறையில் பெற்ற சமுதாயம் நம்முடையது. அத்தகைய நம் இல்லங்களில், வாக்களிப்பு நாளன்று மட்டும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மற்ற நாள்களில் “நமக்கேன் வம்பு” என்று கதவைச் சாத்துவது பொருந்துமா? ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கை ஓர் இளைஞன் எழுந்து கேட்டால் மரியாதைக் குறைவென்று அமர்த்துகிறோம். பெண் பிள்ளைக்கோ கேட்கும் வாய்ப்பே பெரும்பாலும் இல்லை. வீட்டிலும் மஹல்லாவிலும் கேள்வி கேட்டுப் பழகாதவர்கள் நகர்மன்றத்தில் எப்படிக் கேட்பார்கள்?

கிராமங்களில் கிராம சபையும், 2022 முதல் நகரங்களில் பகுதி சபையும் கூடுகின்றன. தம் தெருச் சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று அங்கே நிதானமாகக் கேட்கும் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகனை, அல்லது மகளை, நாயகனாகவோ நாயகியாகவோ கொண்ட நாவல் நமக்கு வேண்டும். அதில் கைதட்டலுக்கு இடமிராது. தோல்விகளும் ஒத்திவைப்புகளுமே மிகுந்திருக்கும். ஆயினும் அத்தகைய நாவலை எழுதக்கூடிய இளம் கை, இதைப் படிக்கும் இல்லங்களில் ஒன்றில் இருக்கலாம். முதலில் அந்தப் பிள்ளையைச் சபைக்கு அழைத்துச் செல்வோம். கதை பின்னால் வரும்.