துரை நடத்திய பள்ளிக்கூடம்

கல்வியை முதலீடாகக் காணும் பொருளியல் மரபை உரைத்துப் பார்க்க இலங்கை மலையகத்தின் வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களே போதும்.

1961இல் தியோடர் ஷுல்ட்ஸும் 1964இல் கேரி பெக்கரும் எழுதியதன் சாரம் இது: படிப்பும் ஒரு மூலதனம்; படிக்கிற காலத்தில் இழக்கும் கூலியும் அதில் போட்ட பணமே. தோட்டத்து லயங்களில் வாழும் அம்மாமாருக்கு இது புதிய செய்தியே இல்லை. பெக்கரின் இன்னொரு வாதம்தான் நமக்கு முக்கியம். எங்கும் செல்லுபடியாகும் பொதுத் திறனுக்கு முதலாளி பணம் போடமாட்டார். கற்றவர் விலகிப் போனால் இலாபம் அடுத்தவருக்கு.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமே கொடுத்தது. எழுத்தறிந்தவர் மலையிறங்கினால் கொழுந்தெடுக்க ஆள் குறைவதும் அவருக்கே. ஒற்றை அறை, ஒரே வாத்தியார், தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடும் பாடம்: பலர் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். எனக்கு இது பிசகாத கணக்காகவே படுகிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் துரையிடமே இருந்தன. தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு மாறின.

பெக்கருக்கு மாறாக, சான்றிதழ் திறமையைக் காட்டும் அடையாளம் மட்டுமே என்பது மைக்கல் ஸ்பென்ஸின் கட்சி (1973). ரொனால்ட் டோர் 1976இல் இலங்கையையும் எடுத்துக்காட்டி, பட்டம் ஒரு நோயாகிறது என்றார். டோரோடு நான் பாதி வழிதான் போவேன். 1980களில் தோட்டத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக நியமித்தபோது, சாதாரண தரச் சான்றிதழுக்குக் கண்ணெதிரே ஒரு விலை கிடைத்தது. பக்கத்துக் காம்பராப் பெண் சேலை கட்டிப் படிப்பிக்கப் போவதைப் பார்த்த வீட்டில், பிள்ளையை மறிக்க மனம் வருமா? பின்னர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவ்வழியை அகலமாக்கியது. அஞ்செலா லிட்டில் 1999 நூலில் தோட்டக் கல்வியின் இந்த எழுச்சியை விரிவாகவே ஆராய்ந்தார்.

ஜேக்கப் மின்சர் 1974இல் தந்த அளவுகோல், படித்த ஆண்டுக்கு ஆண்டு சம்பளம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. தேயிலை மலையில் அது பூச்சியத்தையே காட்டும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்கூலி உயர்தரம் படித்தவருக்கும் பள்ளி காணாதவருக்கும் ஒன்றாகவே இருந்தது. பலன் முழுவதும் தோட்டத்துக்கு வெளியே. கொழும்புக் கடையில் நிற்கும் பையனிடமோ எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. தமிழில் விஞ்ஞானப் பிரிவு தேடி நகரத்துக்குப் போகிற பிள்ளையின் போர்டிங் காசை இன்றும் நாட்கூலியிலிருந்தே எடுக்க வேண்டும். துரையும் போடமாட்டார், அரசும் போடுவதில்லை.