தொலைந்த பாத்திரமும் மூண்ட சினமும்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்பெற்ற காஞ்சியின் தெருவொன்றில் நடக்கும் சண்டையை, அந்நகரிலிருந்து ஆண்ட அரசனே நாடகமாக எழுதி வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' அது. காஞ்சியை அடுத்த மாமண்டூர்க் குகைக் கல்வெட்டும் இதன் பெயரைக் கூறுகிறது. 1917இல் திருவனந்தபுரத்தில் இந்நூல் அச்சேறியது. நகைச்சுவை நாடகம் என்றே பலரும் இதனைப் பாராட்டுவர். மனிதன் ஏன் மனிதன்மீது பாய்கிறான் என்று ஆராய்வோரும் இதனைப் படித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

சத்தியசோமன் என்னும் காபாலிகன், மது மயக்கத்தில் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். அதில் இறைச்சி இருந்தமையால், நாயோ பௌத்தத் துறவியோதான் எடுத்திருக்க வேண்டும் என்கிறான். அவ்வேளை நாகசேனர் என்னும் துறவி, தம் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்தபடி வருகிறார். பழி அவர்மேல் விழுகிறது. அவர் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார், நிறமே வேறு. நிறத்தை மாற்றிவிட்டார் என்று சாதிக்கிறான் காபாலிகன். அவன் துணைவி தேவசோமை துறவியின் முடியைப் பற்றப் பாய்ந்து, அது மழித்த தலையாதலால் தானே விழுகிறாள். நடுவராக வரும் பாசுபதரோ காபாலிகன்மேல் பழம்பகை கொண்டவர். இறுதியில் ஒரு பித்தன், நாயிடமிருந்து பறித்த அப்பாத்திரத்தோடு வந்து சேர்கிறான்.

இச்சண்டைக்கு மனோதத்துவ அறிஞர் என்ன காரணம் கூறுவர்? அழிவு நாட்டம் மனிதனுள்ளேயே உறைகிறது என்றார் ஃப்ராய்டு. தாக்கும் உணர்ச்சி விலங்குகளுக்குப் போலவே மனிதனுக்கும் பிறவிக்குணம் என்று 1963இல் எழுதினார் கொன்ராட் லோரன்ஸ். பிறவிக்குணமே காரணமாயின், மதுக்கடையில் மூளாத சண்டை துறவியைக் கண்டதும் மூண்டது ஏன்? போர்செய்யும் இயல்பை விலங்கு மூதாதையரிடமிருந்து பெற்றோம் என்பது அறிவியலுக்கு ஒவ்வாது என, 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிஞர்கள் அறிக்கையே விடுத்தனர்.

நாடியது கிட்டாத ஏமாற்றமே தாக்குதலின் வித்து என்று 1939இல் கூறினர், யேல் பல்கலைக்கழகத்து டாலர்டும் அவர் தோழர்களும். கடையில் நட்டப்பட்டவர் வீட்டில் பிள்ளையை அடிப்பதை நாம் காண்கிறோம் அல்லவா? ஆயினும் ஏமாந்தோர் அனைவரும் அடிப்பதில்லை. அக்குழுவினருள் ஒருவரான நீல் மில்லரே, ஏமாற்றத்தின் விளைவுகள் பல, தாக்குதல் அவற்றுள் ஒன்று என 1941இல் திருத்திக் கூறினார். பெரியவர் பொம்மையை அடிக்கக் கண்ட சிறுவர் தாமும் அவ்வாறே அடித்ததை, 1961இல் ஆல்பர்ட் பந்துரா காட்டினார். பிள்ளை வளர்ப்போர் மறக்கலாகாத உண்மை இது.

எனினும் இந்நாடகத்தின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. 'பாத்திரம் எங்கே?' என்ற வினா, 'எடுத்தவர் யார்?' என மாறும் கணத்திலேயே பகை பிறக்கிறது. ஐயம் நாயின்மேலும் இருந்தது. ஆனால் நாயை அவமதித்து யாரும் மகிழ முடியாது. தனக்குப் பிடிக்காத கூட்டத்தார் ஒருவர் எதிரே வந்தார், ஐயம் உறுதியாயிற்று. அதன்பின் அவர் காட்டிய சான்றும் குற்றமாயிற்று. தற்செயலா, வேண்டுமென்றா எனத் தெளிவில்லாத தீங்கைச் சண்டைக்காரச் சிறுவர் வேண்டுமென்றே செய்ததாகக் கொள்வர் என்று 1980இல் கென்னத் டாட்ஜ் கண்டதும் இதையே.

பாத்திரம் போனால் தான் காபாலிகனே அல்லன் என்று சத்தியசோமன் புலம்புகிறான். இழந்தது ஓடு மட்டுமன்று, தன் பெயரும் என்று அஞ்சுகிறான். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் சினத்தின் காரணங்களுள் செருக்கையும் பதவி ஆசையையும் எண்ணியது இங்கு நினைக்கத்தக்கது. சினத்தை அடியோடு அறுக்க அவர்கள் கூறவில்லை. தற்காப்புக்கு அது தேவை, வரம்பு கடந்தால் நோய். அதற்கு மருந்து அறிவும் செயலும். நின்றவர் அமர்வதும், அமர்ந்தவர் சாய்வதும், உளூச் செய்வதும் அச்செயல்கள். சினத்துக்கும் கைக்கும் இடையே சிறிது நேரம் கிட்டுகிறது. அந்நேரத்தில் வினாவை மாற்றிக் கேட்க முடியும்.

நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. பாத்திரம் கிடைத்ததால் காபாலிகன் மன்னிப்புக் கேட்கிறான். இருவரும் நண்பராய்ப் பிரிகின்றனர். கிடைக்காதிருந்தால்? அவ்வினாவை அரசன் எழுப்பவில்லை. வாழ்க்கையிலோ அந்தப் பித்தன் பெரும்பாலும் வருவதில்லை. வதந்தியால் தெரு எரிந்தபின் வந்தும் பயனில்லை. பிற சமயத்தாரைக் கண்டு நகைக்க இந்நாடகத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பாகப் பிரிவினையிலும் ஜமாஅத்துப் பூசலிலும் நாமும் சத்தியசோமன் ஆனதுண்டு. எடுத்தவர் யார் என்று கேட்குமுன், எங்கே வைத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.