ஒரே உலை, யார் கையில் கரண்டி?

ஒரகடத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. காலை ஷிஃப்டில் இருப்பவருக்கு ஆராதனை கிடையாது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருபவர் பிரசங்கத்தில் தூங்கிவிடுவார், யாரும் எழுப்ப மாட்டார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டை ஒட்டி ஒரு கடை மாடியில் கூடுகிற சின்ன புராட்டஸ்டண்ட் சபை அது. முப்பது பேர் வந்தால் அதிகம். நீ யார், என்ன சாதி, எந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தாய் என்று வாசலில் யாரும் விசாரிப்பதில்லை. நண்பர் கூப்பிட்டுப் போயிருந்தேன். அங்கே தப்பு அடித்துப் பாடிய பரமண்டல ஜெபம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நாட்டுப்புற மெட்டில் அதை எழுதியவர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், ‘பரட்டை’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர், ‘கிராமிய இசை வழிபாடு’ அமைத்தவர். ‘பிதா’ இருந்த இடத்தில் ‘பெத்தவரே’ என்று கடவுளைக் கூப்பிடுகிறார். பெத்தவர் என்றால் அப்பாவும்தான், அம்மாவும்தான். அதோடு அது கோயில் பாஷை இல்லை, வீட்டுப் பாஷை. ஒரே சொல் மாற்றத்தில் இரண்டு வேலை நடந்துவிடுகிறது.

இசை விஷயத்திலும் அவர் வாதம் தெளிவானது. கீர்த்தனை பாடப் பயிற்சி வேண்டும், பாமாலைக்கு ஆர்கனும் நொட்டேஷனும் வேண்டும். நாட்டுப்பாட்டுக்கு ஒன்றும் வேண்டாம். கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம், நம்ம தேவைக்கு வரியை மாற்றலாம். எங்கள் தொழிலில் இதை ஓப்பன் சோர்ஸ் என்போம்.

இந்த வாதம் ஏன் தேவைப்பட்டது என்று புரிய 200 வருஷம் பின்னால் போகணும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரிய கவிஞர், சரபோஜி மன்னரின் அவையில் இருந்தவர். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் நான்கைப் பட்டியலிட்டார்: வேதாகமத் தமிழை மாற்றுவது, விசேஷங்களில் பூவை விலக்குவது, ஆராதனையில் தமிழிசையை நிறுத்துவது, நற்கருணையில் சாதிகளைக் கலப்பது. நம்மில் பலர் முதல் மூன்றுக்கும் கை தட்டுவோம். நான்காவதில் கை அந்தரத்தில் நிற்கும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சை வட்டாரத்தில் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் வேண்டும் என்ற ஆங்கிலிக்கன் மரபும் வேண்டாம் என்ற மரபுகளும் ஒன்றாகின. ஐரோப்பாவில் தொடங்கிய அந்தச் சண்டை இங்கே தீர்ந்தது. சாதி பார்த்துப் பெண் எடுப்பது தீரவில்லை. ஆக, ‘தமிழ் மரபை மீட்போம்’ என்பது மட்டும் போதாது, யாருடைய தமிழ் என்று கேட்கணும். அப்பாவு கேட்டார். சபைக்குள் பறையைக் கொண்டுவந்தது அந்தக் கேள்விதான்.

ஆனால் அந்த மாடியில் எனக்கு இடறியது வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜார்க்கண்ட்காரர், லுத்தரன். ராஞ்சிக்கு கோஸ்னர் மிஷனரிகள் 1845-இல் வந்தார்கள், அவர் சபை 1919-இல் தன்னாட்சி பெற்றது. எங்கள் யாருக்கும் குறையாத மரபு அவருக்கு உண்டு. ஆனால் எல்லோரும் ‘பெத்தவரே’ என்று உருகும்போது அவர் வெறுமனே கை தட்டிக்கொண்டிருந்தார். பேச்சுத் தமிழ்தான் அப்பாவுவின் பலம். அதுவே இங்கே வேலியாகிவிட்டது. கிராமியம் என்கிறோம், யார் கிராமம்?

‘ஒரே உலை’ அப்பாவுவின் முக்கியமான படிமம். எல்லோரும் அரிசி போட்டு, ஒரே பானையில் பொங்கி, சேர்ந்து சாப்பிடுவதுதான் அவருக்குத் திருவிருந்து. ஷேரிங் ரூமில் எட்டுப் பேராக இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதுவும் ஒரே உலைதான். அதில் என்ன வேகிறது என்று கேட்கும் உரிமை சாப்பிடுகிறவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சேர்ந்து சாப்பிடுவதைச் சொல்கிற அளவுக்கு அப்பாவுவின் படிமம் கரண்டி யார் கையில் என்பதைச் சொல்வதில்லை. கூட்டுக்குடும்ப உலையில் வெந்தது பெரும்பாலும் பெண்களும்தானே.

இது அப்பாவுவைத் தள்ளிவைக்கச் சொல்லும் காரணம் இல்லை. வரியை மாற்று என்று சொன்னவர் அவர். அவர் பாட்டை அச்சுப் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தால் அதையும் இன்னொரு பாமாலையாக்கிவிடுவோம்.

ஆராதனை முடிந்து தக்காளி சாதம் பரிமாறினார்கள். சாப்பிட்ட பிறகு யாரோ கேட்க, ஜார்க்கண்ட்காரர் சாத்ரி மொழியில் ஒரு பாட்டு எடுத்தார். தப்பு அடிக்கிறவருக்குத் தாளம் உடனே பிடிபடவில்லை. ரெண்டு தடவை நிறுத்தி, ‘திரும்பப் பாடுங்கண்ணே’ என்றார். மூன்றாவது தடவை சேர்ந்துகொண்டது.