தின்குழியமும் துப்புரவு உவமையும்

இறந்த கலங்களை விழுங்கும் பெருந்தின்குழியங்களைத் 'துப்புரவாளர்' என்று எழுதுவது உயிரியல் நூல்களில் வழக்கமாகிவிட்டது. நாமும் விரிவுரைகளில் இவ்வுவமையைக் கையாண்டு வந்துள்ளோம். மாணவர் மனத்திற் பதிவது எளிது என்பதன்றி அதற்கு வேறு நியாயம் கூறுதற்கில்லை. முளையத்தில் அங்கங்கள் உருப்பெறும் முறையை நோக்குமிடத்து, இவ்வுவமை ஒருபுறம் மிகையாகவும் மறுபுறம் குறையாகவும் நிற்கக் காண்கின்றோம்.

சுண்டெலி முளையத்தின் பாதம் முதலில் துடுப்புப் போன்ற தட்டாகவே தோன்றும். விரல்களுக்கு இடைப்பட்ட கலங்கள் மடிந்த பின்னரே விரல்கள் பிரிகின்றன. மடியுங் கலம், தன் மென்சவ்வின் உட்புறத்தே இருந்த பொசுபற்றிடைல் செரீன் எனும் கொழுப்பை வெளிப்புறத்தே காட்டும். அதனை இனங்கண்ட தின்குழியம், கலத்தின் உள்ளடக்கம் கசிந்து அழற்சி உண்டாகுமுன் அதனை விழுங்கிவிடும். இதுவரை உவமை பொருந்துவதே.

ஆனால், பி.யூ.1 எனும் பரம்பரையலகு அற்ற சுண்டெலி முளையங்களில் பெருந்தின்குழியங்கள் தோன்றுவதில்லை. அத்தகைய முளையங்களின் பாதத்தட்டை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, மடிந்த கலங்களை அயலிலுள்ள மீசன்கைமாக் கலங்களே விழுங்கியமையைக் காட்டியது. அவற்றின் திறன் சற்றுக் குறைவே. எனினும் வேலை நடந்தது. துப்புரவை ஒரு வகுப்பாருக்கே உரிய தொழிலெனக் கொள்ளும் நம் சமூகப் பழக்கம் கலங்களின் மீதும் ஏற்றப்பட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது.

கண்ணின் சான்று இதனினும் வலியது. விருத்தியுறும் கண்ணில் வில்லையைச் சூழ்ந்து தற்காலிகக் குருதிக் கலன்கள் உள. சுண்டெலியில் இவை பிறப்பின் பின்னரே மறைகின்றன. லாங், பிசொப் ஆகிய இருவரும் 1993இல், பெருந்தின்குழியங்களை அழித்த சுண்டெலிகளில் இக்கலன்கள் மறையாது எஞ்சியதைக் கண்டனர். உண்போர் இன்மையால் எஞ்சியவை பிணங்கள் அல்ல, உயிருள்ள கலன்கள் என்பது கருதற்பாலது. பெருந்தின்குழியம் சுரக்கும் வின்ற்7பி எனும் புரதமே கலன்சுவர்க் கலங்களை மடியத் தூண்டுகின்றது என்பது 2005இல் வெளியாயிற்று. இறப்பை ஏவுபவரைத் துப்புரவாளர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

கேர், வைலி, கறி ஆகியோர் 1972இல் வழங்கிய 'அப்பொப்ரோசிசு' எனும் பெயரும் முழுமையானதன்று. இலை உதிர்தலைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொல்லில் உண்பவருக்கு இடமில்லை. உதிர்ந்த இலை நிலத்திற் கிடக்கும். மடிந்த கலமோ அயற்கலத்தினுட் செல்லும்.

'நிர்ப்பீடனக் கலம்' என்ற பொதுப்பெயரும் முளையத்தளவில் மயக்கந் தருவதே. என்பு மச்சை உருவாகுமுன், கருவூண் பையிலிருந்து இக்கலங்கள் முளையத்துட் புகுகின்றன. எதிர்ப்பதற்குக் கிருமி எதுவும் அங்கில்லை. ஆகவே விரலுக்கும் கண்ணுக்கும் ஒரே உவமையைக் கூறாது, அவ்வவ்விடத்தில் அக்கலம் செய்வதையே மாணவர்க்கு விளக்கிச் சொல்லுதல் தகும்.