ஐயம் மட்டும் போதுமா?

வணிகவியலோ பொருளியலோ படிக்க வரும் மாணவர் பலருக்கு முதலாண்டில் அச்சம் தரும் பாடம் புள்ளியியல். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்களைப் பொருத்தி, விடைக்குக் கீழே கோடிட்டுவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். இக்குறையைப் போக்கும் மருந்தாக நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வரும் ஒரு சிறு நூல் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டாரல் ஹஃப் 1954-இல் எழுதிய ‘ஹவ் டு லை வித் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்பது அது. புள்ளிவிவரத்தைக் கொண்டு பொய் சொல்வது எப்படி என்பது தலைப்பின் பொருள். பத்தே இயல்கள், இர்விங் கைஸின் வேடிக்கைப் படங்கள், ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம்.

நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். யேல் பல்கலைக்கழகத்தில் 1924-இல் பட்டம் பெற்றோரின் சராசரி ஆண்டு வருமானம் 25,111 டாலர் என்ற செய்தியோடு ஹஃப் தொடங்குகிறார். முகவரி தெரிந்தவர்களுக்கு மட்டுமே வினாத்தாள் போயிருக்கும். நொடித்துப் போனவர்கள் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். அப்படியானால் அந்த எண் யாருடைய சராசரி? மாதிரி எடுத்தலில் நேரும் பிழையை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

சராசரி பற்றிய இயலும் அத்தகையதே. ஒரு கடையில் 9 ஊழியர்கள் மாதம் ரூ. 10,000 பெறுகிறார்கள், முதலாளி ரூ. 2,10,000 எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி ரூ. 30,000, இடைநிலையோ ரூ. 10,000. இரண்டும் கணக்கில் சரிதான். ஆனால் எதை விளம்பரத்தில் போடுவார்கள் என்பதுதான் கேள்வி. பாடநூலில் தனித்தனிச் சூத்திரங்களாகக் கிடந்தவை ஹஃபின் கையில் உயிர் பெறுகின்றன.

குறை எங்கே? பொய்யைப் பிடிக்கக் கற்றுத்தரும் இந்நூல், உண்மையை நிலைநாட்டும் வழியைக் கற்றுத்தரவில்லை. நிகழ்தகவை முறையாக விளக்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே ஒட்டுறவு இருப்பதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கை சரியே. அப்படியானால் காரணம் என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்? இதற்கு இந்நூலில் போதிய விடை இல்லை.

விடை இல்லாமல் இல்லை. ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் 1950-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களையும், அதே வயதுப் பிரிவினரான வேறு நோயாளிகள் 649 பேரையும் ஒப்பிட்டனர். புகை பிடிக்காதவர்கள் முதற்குழுவில் 2 பேர். இரண்டாம் குழுவில் 27 பேர். புகைக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால், இந்த 29 பேரும் நாணயம் சுண்டியதுபோல் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருக்க வேண்டும். 29 முறை சுண்டி, தலை 2 முறையோ அதற்குக் குறைவாகவோ விழ எவ்வளவு வாய்ப்பு? சுமார் 12 லட்சத்தில் ஒன்று. எனவே இது தற்செயல் அன்று.

அவர்கள் இத்துடன் நிற்கவில்லை. மறைந்திருக்கும் வேறு காரணம் உண்டோ என்று ஐயுற்று, 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்து, பின்னர் நேர்ந்த இறப்புகளைக் குறித்துவந்தனர். புகையின் அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் இறப்பும் கூடியது. இதன் முதல் அறிக்கை வந்த ஆண்டும், ஹஃபின் நூல் வந்த அதே 1954.

இதற்குப் பின் நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது. 1965-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றிய விசாரணை நடந்தபோது, ஹஃப் சாட்சியாக வந்து, புகைக்கு எதிரான புள்ளிவிவரங்களின்மீது ஐயம் எழுப்பினார். புகையிலைத் தொழிலின் பொருளுதவியோடு அத்தகைய ஐயங்களை ஒரு நூலாகவும் எழுதினார், அது வெளிவரவில்லை. பொய்யை அறுக்கத் தீட்டிய கத்தி, மெய்யின்மீதே பாய்ந்தது.

இது ஒரு மனிதரின் தவறு மட்டுமன்று. அரைப் பாடம் கற்பதன் ஆபத்து. எல்லாப் புள்ளிவிவரமும் ஏமாற்று என்று நினைப்பவனும், அச்சில் வந்த எல்லா எண்ணையும் நம்புகிறவனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவரும் சான்றை எடைபோடுவதில்லை. நாளை ஒரு நிறுவனத்தின் கணக்கையோ, ஓர் அரசின் விலைவாசிக் குறியீட்டெண்ணையோ கையாளப் போகும் மாணவருக்கு இவ்விரண்டும் உதவா.

ஆகவே இந்நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியம் படியுங்கள். ஆனால் பாடநூலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு படியுங்கள். இறுதி இயலில் ஹஃப் ஐந்து கேள்விகளைத் தருகிறார்: சொல்பவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், விடுபட்டது எது, பேச்சு நடுவில் திசை மாறியதா, கேட்கப் பொருந்துகிறதா என்பன அவை. ஆறாவதாக ஒன்றை நீங்களே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: என் ஐயம் தீர எந்தத் தகவல் வேண்டும்? அதைத் தேடத் தொடங்கும்போதுதான் திட்ட விலக்கமும் நிகழ்தகவும் தேர்வுச் சுமையாக இல்லாமல் உங்கள் கைக்கருவிகளாகும்.