ஹோதோண் ஆய்வுகளும் பரிசோதனை அமைப்பும்

உளவியலாய்வில் எப்பரிசோதனை அமைப்பைத் தெரிவு செய்வது என்பது பெரும்பாலும் வெறும் உத்திமுறைச் சிக்கலாகவே கருதப்படுகின்றது. ஆயின், எதனை எதனோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்கும்பொழுதே, எவ்வினாவுக்கு விடை கிடைக்கும், எது வினாவாகவே எழாது என்பதும் தீர்மானமாகிவிடுகின்றது. ஹோதோண் ஆய்வுகள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

சிக்காகோவுக்கு அண்மையிலிருந்த வெஸ்ரேண் இலெக்ற்றிக் கம்பனியின் ஹோதோண் தொழிற்சாலையில் 1924 தொடக்கம் 1932 வரை இவ்வாய்வுகள் நடைபெற்றன. 1927 இல், தொலைபேசி றிலேக்களைப் பொருத்தும் பெண் தொழிலாளர் ஐவர் தனியறையொன்றில் அமர்த்தப்பட்டனர். இடை ஓய்வு, சிற்றுண்டி, குறுகிய வேலைநாள் என்பன ஒன்றன்பின் ஒன்றாகப் புகுத்தப்பட்டன. உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. எல்ற்றன் மேயோவின் 1933 ஆம் ஆண்டு நூலும், ரொத்லிஸ்பேகரும் டிக்சனும் 1939 இல் வெளியிட்ட பெருநூலும் இவ்வுயர்ச்சிக்குச் சம்பளத்தைக் காட்டிலும் மனித உறவுகளையும் நட்பார்ந்த மேற்பார்வையையுமே காரணமாக வற்புறுத்தின.

இம்முடிவை இவ்வமைப்புத் தாங்குமா? கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. ஒரே குழுவின் முன்னிலையும் பின்னிலையுமே ஒப்பிடப்பட்டன. ஒரு கட்டத்தின் விளைவு அடுத்த கட்டத்திற் கலந்துவிடாது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அதனினும் பாரதூரமானது சம்பள மாற்றமாகும். முன்னர் பெருந்தொகையானோரின் கூட்டு உற்பத்தியைக் கொண்டு கணிக்கப்பட்ட கூலி, தனியறையில் அவ்வைவரின் உற்பத்தியைக் கொண்டே கணிக்கப்பட்டது. மேற்பார்வையும் கூலிமுறையும் ஒருசேர மாறியவிடத்து எதன் விளைவு எதுவெனப் பிரித்தல் எங்ஙனம்? இது போதாதென்று, 1928 சனவரியில், பேச்சு மிகுதி, ஒத்துழைப்பின்மை என்னும் குற்றச்சாட்டுகளின் பேரில் இருவர் நீக்கப்பட்டு வேறிருவர் சேர்க்கப்பட்டனர். (நட்பார்ந்த மேற்பார்வையின் இலட்சணம் இது!) புகழ்பெற்ற பன்னிரண்டாம் கட்டத்தில் சலுகைகள் யாவும் மீளப்பெறப்பட்ட பின்னரும் உற்பத்தி உச்சத்தை அடைந்தது என்பர். அது வாராந்த மொத்தக் கணக்கு, வேலைநேரம் நீண்டிருந்தது. மணித்தியாலக் கணக்கிலோ உற்பத்தி தாழ்ந்தேயிருந்தது.

கூலியின் பங்கைத் தனியே அறிய ஆய்வாளர் முயலவில்லை எனல் பொருந்தாது. வழமையான வேலைத்தலத்திலேயே வைத்து, கூலிமுறை மட்டும் மாற்றப்பட்ட இரண்டாவது குழுவொன்று இருந்தது. அதன் உற்பத்தி ஏறத்தாழ 13 சதவீதம் உயர்ந்தது. பழைய கூலிமுறை மீண்டதும் வீழ்ந்தது. மாற்றத்தைப் புகுத்தி, பின் நீக்கிப் பார்க்கும் இவ்வமைப்பு முதலாவதிலும் வலுவானதென்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் நூலாசிரியர்கள் இதற்கு உரிய இடமளித்தாரல்லர். மைக்கா பிளக்கும் வேறொரு குழுவில், கூலி மாறாமலே கண்ட 15 சதவீத உயர்ச்சியை முற்கூறிய 30 இலிருந்து கழித்து, எஞ்சியதே கூலியின் உச்சப் பங்கென்றனர். தொழிலும் ஆட்களும் வேறான இரு குழுக்களிடையே இத்தகைய கழித்தற் கணக்கு செல்லாது.

1967 இல் அலெக்ஸ் கேரி இவற்றுட் பலவற்றைக் கடுமையாக எடுத்துக்காட்டினார். 1978 இல் பிராங்கேயும் கோலும் புள்ளிவிபர முறையில் தரவுகளை மீளாய்ந்து, முகாமைக் கட்டுப்பாடு, பொருளாதார மந்தம், ஓய்வுநேரம் என்பவற்றையே முதன்மைக் காரணிகளாகக் கண்டனர். எனினும் ஐவரின் தரவு எந்நுண்கணிதத்தாலும் ஐவரின் தரவே.

கூலி மாறியதும் மாறாததும், மேற்பார்வை மாறியதும் மாறாததுமான நான்கு குழுக்களுக்கு எழுமாற்றாக ஆட்களைப் பகிர்ந்திருப்பின் வினா தெளிவுற்றிருக்கும். பல்லாயிரவர் பணிபுரிந்த அத்தொழிற்சாலையில் ஆட்பஞ்சம் இருக்கவில்லை. இரண்டாவது குழுவின் பரிசோதனை ஒன்பது வாரங்களில் நிறுத்தப்பட்டமைக்குக் காரணம், அதே கூலிமுறையைத் தமக்கும் தருமாறு ஏனைய தொழிலாளரும் கேட்கத் தொடங்கியமையே.