தரைதான் நடுவர்

கன்ட்ரி இசையை நேரில் கேட்டே தீருவது என்று காரை எடுத்துக்கொண்டு நாஷ்வில்லுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் ஒரே கூத்துதான். பிராட்வே தெருவில் கதவுக்குக் கதவு இசைக்குழு. பகலில் நுழைவுக் கட்டணம்கூடப் பெரும்பாலும் கிடையாது. ஆனால், பெடல் மிதித்துக்கொண்டே பீர் குடிக்கும் வண்டியில் கல்யாணப் பெண்ணும் தோழிகளும் வந்திறங்கி, டிப்ஸ் ஜாடியில் டாலரைப் போட்டுக் கேட்பதோ எண்பதுகளின் ராக் பாட்டு. வெறுத்துப்போன பயணி மறுநாள் கிழக்கே மலைப்பக்கம் வண்டியைத் திருப்புகிறார். பிராட்வே போலி, மலைதான் அசல் என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதில் பாதி தவறு.

வாசிப்புத் திறனை மட்டும் எடைபோட்டால் பிராட்வேகாரர்களை அசைக்க முடியாது. ஒரு குழுவின் முறை பெரும்பாலும் நான்கு மணி நேரம். அடுத்த பாட்டு எதுவென்று அவர்களுக்கே தெரியாது. பாடகர் முதுகுக்குப் பின்னால் நான்கு விரலைக் காட்டினால் நான்காவது கார்டு (சுரக்கூட்டு). எந்தச் சுருதியானாலும் அந்த எண்தான் கணக்கு. ஒத்திகை பார்க்காத கிட்டார்காரரும் கண்ணிமைப்பதற்குள் சேர்ந்துகொள்வார். கோளாறு ஆட்டக்காரர்களிடம் இல்லை, தேர்வுக்குழுவிடம். அந்தக் குழு ஒரு கண்ணாடி ஜாடி! அதற்குப் பிடித்தது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு மட்டுமே.

நாஷ்வில்லிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓட்டினால் வர்ஜீனியாவின் ஹில்டன்ஸ். 1927இல் பக்கத்து ஊரான பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் பதிவுசெய்த, கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தின் சொந்த மண். அங்குள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்ற அரங்கில் சனிக்கிழமைதோறும் கச்சேரி. மதுவுக்கு இடமில்லை, மின் கருவிகளுக்கும் தடை. மேடைக்கு முன்னால் வெறும் தரை. லாடம் அடித்த செருப்போடு தாத்தா பாட்டிகள் அதில் இறங்கி ஆடுகிறார்கள். பிடில்காரர் தாளத்தில் இம்மி பிசகினால் அத்தனை காலும் தடுமாறும். ஜாடிக்கு இல்லாத காது தரைக்கு உண்டு.

இது இசை அல்ல, அருங்காட்சியகம் என்பார்கள். கட்டுப்பாடுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்காக மின் கருவிகளுக்கான அந்தத் தடையையே தளர்த்திய இடம் அது. 2003 ஜூலையில் அவர் கடைசியாகப் பாடியதும் அங்கேதான். பழமையைப் பூட்டி வைப்பதுதான் ரகசியம் என்றால், 1964 முதல் டெக்சஸின் ஆஸ்டினில் நடக்கும் புரோக்கன் ஸ்போக் நடனக்கூடம் எப்படித் தேறும்? அங்கே பீர் உண்டு, மின் கிட்டார் உண்டு, மலை கிடையாது. தாழ்ந்த கூரையின் கீழ் நீண்ட தரை மட்டும் இருக்கிறது. ஜோடிகள் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், குழுவும் அவர்கள் காலுக்குத்தான் வாசிக்கிறது. ஆகவே பயணத் திட்டம் போடுகிறவர் அசலா போலியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆடத் தரை உண்டா என்று விசாரித்தால் போதும், பெட்ரோலாவது மிஞ்சும்.